நிரந்தரம் என்று போட்ட டிக்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நான் படித்தது மூணாவது வரைதான். ஃபாரத்தைத் தப்பாக நிரப்பியதும் நானேதான்.

எங்கள் வலை பின்னும் கூடத்துக்கும் கடலுக்கும் நடுவில் இப்போது பத்தடி மணல்தான் மிச்சம். மழைக்காலத்துக்குள் அங்கே கல் கொட்ட அனுமதி கேட்டிருந்தோம். என்ன ஆயிற்று என்று பார்க்க இன்று கடலூர் ஆபீசுக்குப் போனேன்.

"கல்லு கொட்டுறது தற்காலிகமா, நிரந்தரமான்னு கேட்டா, நிரந்தரம்னு டிக் போட்டிருக்கீங்களே?" என்றார் கிளார்க்.

"கடல் என்னா சார், நாலு நாள் தங்கிட்டுப் போற விருந்தாளியா?"

அவர் சிரித்துவிட்டார். "தற்காலிகம்னா இங்கியே முடிஞ்சிருக்கும். நிரந்தரம்னா சென்னைக்குப் போவணும். தற்காலிகம்னு புதுசா எழுதிக் குடுங்க."

"எப்ப சார் கெடைக்கும்?"

"இந்த மாசக் கமிட்டி முடிஞ்சிருச்சு. இனிமே மழைக்கு அப்புறம்தான் இங்க கமிட்டி கூடும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூடத்துக்குள் இருபது குடும்பத்து வலை கிடக்கிறது. மழைக்கு அப்புறம் நாங்கள் எதைக் காப்பாற்றுவது?

ஊருக்குத் திரும்பி, கூடத்து வாசற்படியில் உட்கார்ந்து புது ஃபாரத்தை எழுதினேன். படிக்குக் கீழே கழற்றி வைத்த செருப்பில் ஒன்றை அலை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

நீலக் கலர், எட்டாம் நம்பர், இடது கால். புதுச்சேரி பக்கம் ஒதுங்கினால் யாராவது சொல்லுங்கள்.