முட்டைச் சக்கரமும் என் மகளின் தூக்கமும்

என் மகள் தூங்கியது சக்கரத்தாலா, என் கால்களாலா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. குடும்பத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். ஆளுக்கொரு விடை சொல்கிறார்கள், இருவரும் துளி சந்தேகமில்லாமல் சொல்கிறார்கள். சந்தேகப்படும் வேலை முழுவதும் எனக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது.

சக்கரம் என்றதும் டயரை நினைத்துக்கொள்ள வேண்டாம். சைக்கிள் பெடலோடு சேர்ந்து சுற்றும் பல்சக்கரத்தைச் சொல்கிறேன், சங்கிலி ஏறி ஓடுவது. எல்லாருடைய சைக்கிளிலும் அது வட்டமாக இருக்கும். என்னுடையதில் சில வாரங்கள் முட்டை வடிவத்தில் இருந்தது.

அதை வாங்கியவர் என் கணவர், தமக்காகத்தான் வாங்கினார். ஞாயிறு காலைகளில் நண்பர்களோடு கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் வரைக்கும் வாய்க்கால் ஓரமாகவே ஓட்டிப் போவார். பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது காலுக்கு வலு கிடையாதாம். நடுவில் வரும்போதுதான் வலுவாம். முட்டைச் சக்கரம் வலு இல்லாத இடத்தில் சின்னச் சக்கரமாகவும், வலு உள்ள இடத்தில் பெரிய சக்கரமாகவும் நடந்துகொள்ளுமாம். இதையெல்லாம் படித்துவிட்டு வந்து வாங்கி மாட்டினார். இரண்டு ஞாயிறு ஓட்டினார். நண்பர்கள் வழக்கம்போல முன்னால் போனார்கள். அடுத்த வாரம் ஸ்பானரும் கையுமாக என்னிடம் வந்து, "பிள்ள பெத்ததிலேர்ந்து முட்டி வலிக்குதுன்னு சொன்னியே, இது முட்டிக்கு ரொம்ப நல்லதாம் லா," என்றார்.

அவர் வாங்கி ஏமாந்த பொருள்கள் அன்பளிப்பாக மாறி என்னிடம் வந்து சேர்வது புதிதல்ல. என் சமையலறையில் ரொட்டி சுடும் இயந்திரம் ஒன்று அப்படித்தான் நிற்கிறது. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

முதல் நாள் ஓட்டியபோது, இன்னும் ஒரு படி இருப்பதாக நினைத்துக் காலை வைத்தால் தரை வந்துவிடுமே, அப்படி இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் கால் ஓரிடத்தில் அழுத்திக்கொண்டு நின்றது, பிறகு சட்டென்று விடுபட்டது. பாதி வழியில் இறங்கி, ஏதாவது உடைந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தேன். இல்லை. சில நாள்களில் பழகிவிட்டது. முட்டை வடிவம் என்பதே மறந்துபோனது.

இனி மகள். அப்போது அவளுக்கு ஒன்றரை வயது. சேவல் கூவும் முன் எழுந்துவிடுவாள். காலை ஒன்பது மணிக்கெல்லாம் கண் சொருகும், ஆனால் தூங்கமாட்டாள். மெத்தையில் போட்டால் எழுந்து உட்கார்ந்து என்னைப் பரிதாபமாகப் பார்ப்பாள். பாடினேன், தட்டினேன், பக்கத்தில் படுத்துத் தூங்குவதுபோல நடித்தேன். நடித்த நான்தான் தூங்கிப்போனேன்.

பக்கத்து வீட்டில் கணவரின் அக்கா இருக்கிறார். அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணியிடம் இதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது: ஸ்பிரிங் தொட்டில். விட்டத்தில் கொக்கி, கொக்கியில் தடித்த ஸ்பிரிங், அதில் சரோங் துணி. பிள்ளையைப் போட்டு ஓர் இழுப்பு இழுத்துவிட்டால் அதுபாட்டுக்கு மேலும் கீழும் ஆடும். தம் மூன்று பிள்ளைகளையும் அப்படித்தான் வளர்த்தார். நானோ கர்ப்பமாக இருந்தபோதே, பிஞ்சுத் தலை அப்படிக் குலுங்குவது நல்லதல்ல என்று படித்துவிட்டு, என் வீட்டில் ஸ்பிரிங் கிடையாது என்று மரியாதையாக அறிவித்துவிட்டேன்.

"சரிங்க டீச்சரம்மா," என்றார் அண்ணி. நான் ஆசிரியை அல்ல. படித்துப் பார்த்துப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு அண்ணி வைத்திருக்கும் பட்டம் அது.

முட்டைச் சக்கரம் வருவதற்கு முன்பே மகளைச் சைக்கிளின் பின்னிருக்கையில் வைத்து ஓட்டியிருக்கிறேன். எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் செம்பனைத் தோட்டத்துச் சாலை சமதரையாகப் போகிறது. பனங்குலை ஏற்றிய லோரி எப்போதாவது வரும். அந்த நாள்களில் அவள் ஒருமுறைகூடத் தூங்கியதில்லை. லோரிக்குக் கையாட்டுவாள், என் சட்டையைப் பிடித்து இழுப்பாள். சக்கரம் மாறி எனக்கும் பழகியபின் அவளை வைத்து ஓட்டிய முதல் நாளே, வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது சட்டையை யாரும் இழுக்கவில்லை. கைப்பிடிக் கண்ணாடியில் பார்த்தேன். தலைக்கவசத்துக்குள் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் அந்தக் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்ப்பார்கள். என்னுடையது மகளின் மூக்கைப் பார்க்கும்படி திருப்பி வைத்தது.

உடனே நிறுத்தி, மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. கழுத்து சாயுமே என்று மறுநாளே கழுத்துத் தலையணை வாங்கினேன். தலையணையால் வேர்க்குமே என்று அதன் மறுநாள் கவலைப்பட்டேன். ஆனால் அவள் தூங்கினாள். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும், பாலத்தைத் தாண்டியதும் தூங்கினாள்.

அண்ணிக்குத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் இருக்கும் வாரங்களில், காலையில் வீட்டு வாசலில் நின்று கோப்பி குடிப்பார். நான் வெளியே போவதையும் தூங்கும் பிள்ளையோடு திரும்புவதையும் ஒரு வாரம் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிறு மதியம் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"ஏன் பிள்ளே, ஸ்பிரிங்கு மண்டைக்கு ஆகாதுன்ன. இப்ப நீயே ஸ்பிரிங்கு பூட்டி ரோட்ல ஆட்டிக்கிட்டுப் போற."

"அது ஸ்பிரிங் இல்ல அண்ணி, பல்சக்கரம்."

"பேரு எதுவோ. நீ மிதிக்கிறதப் பின்னால நின்னு பாத்தேன். அழுத்தி விடுற, அழுத்தி விடுற. தொட்டில் ஆட்ற கை மாதிரியேதான் இருக்கு உன் காலு."

கணவருக்குத் தாங்கவில்லை. "இல்லக்கா. அந்தச் சக்கரம் ஆட்டத்தக் குறைக்கிறதுக்குத்தான் செஞ்சிருக்கான். வண்டி வழவழன்னு போகுது. அதான் பிள்ள தூங்குது."

"அப்படியா? மெத்தையில ஆட்டமே இல்லையே. அங்க ஏன்டா தூங்கமாட்டேங்குது?"

நான் சிரித்தேன். பிறகு, அண்ணி சொல்வது சரியென்றால் நான் தடை செய்த தொட்டிலைத்தான் சக்கரம் வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

சிக்கல் அடுத்த சனிக்கிழமை வந்தது. கணவரின் நண்பர் ஒருவரும் அதே சக்கரத்தை மாட்டி, கால் பழகுவதற்குச் சில வாரங்கள் ஆகும், அதன்பின் பறக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

"நான்தான் அவசரப்பட்டுட்டேன் போல. நாளைக்கு மட்டும் அதக் கழட்டிக்கட்டா?"

"என் முட்டி?"

"உன் முட்டிதான் சரியாயிடுச்சே."

அதுவும் உண்மை. சக்கரத்தால் சரியானதா, தானாகச் சரியானதா என்பது வேறொரு கேள்வி. அதை இதோடு சேர்த்தால் எனக்குத் தலை சுற்றும். கணவர் கேட்டால் கொடுத்துப் பழகிவிட்டேன், கொடுத்தேன். என் சைக்கிளுக்குப் பழைய வட்டச் சக்கரம் திரும்பி வந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா, நாளைக்குப் பிள்ள தூங்கலன்னா நான் வந்து தொட்டில் கட்டுவேன். சம்மதமா?"

மூத்தவர் கேட்கும்போது முடியாது என்று சொல்ல எனக்கு வராது. சம்மதம் என்றேன்.

மறுநாள் கணவர் விடியும் முன் முட்டையோடு போனார். வெயில் ஏறுவதற்குள் நான் வட்டத்தோடு கிளம்பினேன். இப்போது வட்டம்தான் எனக்குக் கோணலாகத் தெரிந்தது. கால் வழுக்கிக்கொண்டே போவதுபோல் இருந்தது. மகள் சட்டையை இழுத்தாள். எதிரே வந்த லோரிக்குக் கையாட்டினாள். பாலம் வந்தது, போனது, அவள் தூங்கவில்லை. என் வீட்டுக் கூடத்தில் ஸ்பிரிங் ஆடுவது கண்முன் தெரிந்தது.

அப்போதுதான் ஒரு திருட்டு யோசனை வந்தது. முட்டைச் சக்கரத்தில் கால் எப்படிப் போகுமோ அப்படியே வேண்டுமென்று மிதித்தேன். நடுவில் அழுத்தி, உச்சியில் விட்டு, மறுபடி அழுத்தி. யாராவது பார்த்திருந்தால் எனக்குக் கால் சுளுக்கு என்று நினைத்திருப்பார்கள். தோட்டத்து முனியாண்டி கோயிலைத் தாண்டியபோது சட்டையில் இருந்த பிடி தளர்ந்தது. கண்ணாடியில் திறந்த வாய் தெரிந்தது.

வெற்றியோடு திரும்பினேன். கூடத்துக்குள் நுழைந்தால், விட்டத்தில் தொட்டில் தொங்குகிறது. நான் வெளியே போயிருந்த நேரத்தில் அண்ணி நம்பிக்கையோடு கட்டி முடித்திருந்தார்.

"தூங்கிட்டாளா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, குழந்தையின் முகத்தைக் குனிந்து பார்த்தார். "சரி, தோத்துட்டேன்." பிறகு தொட்டிலைப் பார்த்தார். "ஆனா கட்டினது கட்டியாச்சு. மெத்தையில போட்டா உடனே முழிச்சுக்குவா. இதுல போடவா?"

"யாரும் ஆட்டக்கூடாது."

"ஆட்டமாட்டேன் லா. உன் கால் மேல சத்தியம்."

ஜெயித்தவள் நான், தொட்டில் என் வீட்டில். மகள் அதில் மதியம்வரை தூங்கினாள்.

கணவர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். நண்பர்கள் அன்றும் முன்னால்தான் போனார்களாம். சக்கரத்தைக் கழற்றி, துடைத்து, குளிர்பெட்டி மேல் வைத்து, "வேணும்னா நீயே வச்சுக்க," என்றார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஏனென்றால் நான் அதைத் திரும்ப மாட்டவில்லை. மாட்டினால், ஸ்பிரிங் இல்லாமல் உன்னால் முடியவில்லையே என்று அண்ணி சொல்வார். அதோடு, தூங்க வைத்தது என் கால்களா என்று நான் தெரிந்துகொள்ளவும் முடியாது. மாட்டாமல் வட்டத்திலேயே ஓட்டுகிறேன். மகள் தூங்குகிறாள். ஆனால் ஆரம்பத்தில் பாலத்தருகே தூங்கியவள், பிறகு கோயிலருகே தூங்கியவள், இந்த வாரம் கோயிலுக்கும் அப்பால் இருக்கும் பழைய தொழிலாளர் லயம் வரை விழித்திருந்தாள். அவள் வளர்கிறாளா, என் கால்கள் மறந்துகொண்டே வருகின்றனவா?

முட்டைச் சக்கரத்தில் ஓட்டிவிட்டு வட்டத்துக்குத் திரும்பிய வாசகர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். கால் அந்த மிதியை எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கும்? குளிர்பெட்டி மேல் இருப்பதை நான் மாட்டுவதா, வேண்டாமா? அண்ணியும் இதைப் படிப்பார். எனவே உங்கள் பதில் எதுவாக இருந்தாலும், அதில் தொட்டிலைப் பற்றிப் பேச்சு எடுக்காதீர்கள்.