தொழிற்சாலை வாசலில் விழுந்த அடி

போன வாரம் ஹட்டனில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, பக்கத்தில் ஒரு இளம் கான்ஸ்டபிள் வந்து நின்றான். அவன் சப்பாத்தின் பாலிஷ் வாசனை என்னை அப்படியே பழைய ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டது.

அங்கே தமிழ் பேசும் பொலிஸ்காரன் நான் ஒருவன்தான். உடப்புசல்லாவை தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். தொப்பி வேறு பெரிசு. காதுகள் மட்டும் இல்லாவிட்டால் மூக்கில் வந்து உட்கார்ந்திருக்கும். அறைத்தோழன் சுனில் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பான். சமையல் சேர்ந்துதான். என் ரசத்துக்கு அவன் அடிமை.

ஒருநாள் ஒரு தோட்டத்தில் வேலைநிறுத்தம். தொழிற்சாலை வாசலை மறித்துக்கொண்டு கூட்டம். பேசிக் கலைக்கச் சொல்லி இன்ஸ்பெக்டர் என்னை முன்னே தள்ளினார்.

"அண்ணே, வெலகிப் போயிருங்க. அடிக்கப் போறாங்க."

"அடிக்கப் போறாங்களா? அப்ப நீ யாருய்யா?" என்றாள் முன்னால் நின்ற ஒரு பெண்.

பதில் தேடுவதற்குள் ஒரு கல் வந்து புருவத்தைப் பிளந்தது. எறிந்தவனை நன்றாகப் பார்த்தேன். ஒல்லியான பையன், நீலச் சட்டை.

உடனே எங்கள் பொலிஸ்காரர்களின் பொல்லுகள் இறங்கின. மண்டை உடையும் சத்தத்தைக் கேட்டால் மறக்க முடியாது, ஐயா. ஓடிய நீலச் சட்டைக்காரன் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தான். மூன்று பேர் சுற்றி நின்று மிதித்தார்கள். வாயெல்லாம் ரத்தம். "அம்மா" என்று கத்தினான். அதற்கு மொழிபெயர்ப்பாளன் வேண்டுமா? சிங்களத்திலும் அது "அம்மே"தான். ஆனாலும் பொல்லு நிற்கவில்லை. நான் போய் அவன்மேல் விழுந்தேன். அடுத்த அடியில் என் தோள் எலும்பு முறிந்தது. நிமிர்ந்து பார்த்தால், பொல்லோடு சுனில்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் அந்தப் பையனுக்கு. பெயர் செல்வம். கையில் விலங்கு.

"ஒங்களப் பாத்துத்தான் எறிஞ்சேன்," என்றான்.

"ஏன்டா, என்னைய மட்டும்?"

"அவங்க அடிக்கிறது பழகிப் போச்சுங்க. நம்மாளு அந்தப் பக்கம் நின்னதுதான் தாங்கல."

கல்லெறிந்தவனைக் காட்டச் சொல்லி இன்ஸ்பெக்டர் வந்தார். "கண்ணில் ரத்தம் சேர், பார்க்கவில்லை," என்றேன். "உன் ஆட்கள்தானே," என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதமே எனக்கு இடமாற்றம்.

அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. இயந்திரங்களைப் பெயர்த்து விற்றுவிட்டார்கள். கொழும்புக்கு வேலைக்குப் போன செல்வத்தைப் பற்றியும் தகவல் இல்லை. சுனில் பிறகு எங்கே சந்தித்தாலும், தலையைக் குனிந்துகொண்டு, "தோள் இன்னும் வலிக்கிறதா, மச்சான்?" என்று கேட்பான். யுத்தம் தொடங்கியதும் அவனை வடக்குக்கு அனுப்பினார்கள். பெட்டியில்தான் திரும்பி வந்தான்.

மழைக்காலத்தில் வலிக்கத்தான் செய்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.