இடது தோளில் துரை துப்பாக்கி

சர்வேயர் ஆத்மநாதனுக்குக் கண்தான் சொத்து. ஒரு வரப்பைப் பார்த்தால் அது எந்த இடத்தில் நேர் தவறுகிறது என்று சங்கிலி போடுவதற்கு முன்பே சொல்லிவிடுவான். அந்தக் கண் அவனுக்குச் சோறு போட்டது. அதே கண்தான் அவனை மாட்டியும் விட்டது.

புதுக்கோட்டை சமஸ்தானத்து சர்வே இலாகாவில் அவனுக்கு வேலை. சொந்த ஊர் குடுமியான்மலைப் பக்கம். தகப்பனார் விட்டுப்போனது நாலு ஏக்கர் கடலைக்காடும் ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கியும். காட்டை ஊரில் தம்பி சோலையப்பன் பார்த்துக்கொண்டான். லைசென்ஸ் ஆத்மநாதன் பேரில் இருந்ததால் துப்பாக்கி அவனோடு டவுனில் இருந்தது. கடலை முற்றும் காலத்தில் சனிக்கிழமைதோறும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஊருக்குப் போவான். பன்றிகளுக்கு அந்த வெடிச்சத்தம் நன்றாகத் தெரியும். துப்பாக்கியின் மரக்கட்டை ஒருதரம் விண்டுபோய், அப்பா செப்புக்கம்பி சுற்றி இறுக்கியிருந்தார். கன்னத்தை வைத்தால் அந்தக் கம்பி சில்லென்று படும். அப்பாவின் கன்னம் தேய்த்துத் தேய்த்து அந்த இடம் மட்டும் வழவழப்பாக இருக்கும்.

1936-இல் ஒரு சனிக்கிழமை, டவுனுக்கு மேற்கே பொட்டலில் இருந்த துப்பாக்கி கிளப்பை அளந்து எல்லைக்கல் நடச் சொல்லி அவனை அனுப்பினார்கள். பெரிய உத்தியோகஸ்தர்களும் வக்கீல்களும் கூடும் கிளப் அது. வாரம் ஒருநாள் மண்தட்டுச் சுடுவார்கள். தரையில் ஒரு குழி. அதற்குள் சூசைராஜ் என்கிற ஆள் உட்கார்ந்திருப்பான். வெளியே நிற்பவர் ‘இழு’ என்பதற்கு இங்கிலீஷில் “புல்!” என்று கத்தினால் விசையைத் தட்டிவிடுவான். உள்ளங்கை அகல மண்தட்டு ஒன்று விர்ரென்று ஆகாயத்தில் பறக்கும். அதைச் சுட்டு நொறுக்க வேண்டும். நொறுக்கினால் ஒரு மார்க். யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லாத காரியம் என்பதால் அதற்கு ரொம்ப மரியாதை.

கிளப்பில் ஐந்து படி வைத்த ஒரு தேக்கு ஸ்டாண்டு இருந்தது. மேல்படியில் லண்டனில் அளவெடுத்துச் செய்த துப்பாக்கிகள். அடுத்த படியில் பர்மிங்காம் சரக்கு. அதற்குக் கீழே பெல்ஜியம். இப்படியே இறங்கிக்கொண்டு போகும். துப்பாக்கி எந்தப் படியில் நிற்கிறதோ அந்த வரிசையில்தான் ஆளும் நாற்காலியில் உட்காரலாம். காப்பியும் அந்த வரிசையில்தான் வரும். எவ்வளவு தட்டு உடைத்தார் என்பதெல்லாம் சும்மா ஒரு நோட்டில் எழுதி வைக்கிற விஷயம்.

மேல்படியில் நின்ற துப்பாக்கிகளில் பேர்போனது ‘துரை துப்பாக்கி’. ஒரு வெள்ளைக்கார அதிகாரி சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. அதை வாங்கியவர் சர்வே இலாகா சூப்பிரண்டு ரெங்கராஜ். ஆத்மநாதனுக்கு மேலதிகாரி. ஆறு வருஷமாக அதை வைத்துச் சுட்டும் பத்துக்கு மூன்றுக்கு மேல் அவருக்கு விழுந்ததில்லை. மெட்ராஸிலிருந்து வருகிற தட்டு சரியில்லை என்பார். ஆமாம், தட்டுதான் சரியில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள்.

அன்று கல் நட்டு முடித்துக் கிளம்பும்போது, அப்படியே ஊருக்குப் போவதற்காகச் சைக்கிளில் கட்டியிருந்த ஒற்றைக்குழல் அவர்கள் கண்ணில் பட்டுவிட்டது.

“என்னய்யா அது, திருவிழாவுல வேட்டுப் போடுற குழாயா?” என்றார் ஒரு வக்கீல். சிரிப்பு கிளம்பியது. “எங்க, சுட்டுக் காட்டச் சொல்லுங்க பாப்போம்.”

ஆத்மநாதன் சூப்பிரண்டின் முகத்தைப் பார்த்தான். அவர் தலையை ஆட்டினார். அவன் பத்துத் தட்டு சுட்டான். ஒன்பது நொறுங்கியது.

கைதட்டல் வரும் என்று அவன் நினைத்தது அவன் அறியாமை. பொட்டலில் காற்றுச் சத்தம்தான் கேட்டது. கடைசியில் வக்கீல்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அடிச்சதென்னமோ அடிச்சான். பாக்கத்தான் சகிக்கல” என்றார். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

சூப்பிரண்டுக்கு மட்டும் முகம் தொங்கிப்போயிற்று. தன் இலாகா ஆள் செப்புக்கம்பி சுற்றிய துப்பாக்கியோடு பத்துப்பேர் முன்னால் நின்றுவிட்டானே என்று. அவருக்கு லண்டனிலிருந்து புதுத் துப்பாக்கி வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. திங்கட்கிழமை ஆத்மநாதனைக் கூப்பிட்டு, துரை துப்பாக்கியைத் தோல்பெட்டியோடு அவன் கையில் வைத்தார்.

“இனிமே நீயும் சனிக்கிழமை வா. நம்ம இலாகா மானம் ஒங்கையில இருக்கு.”

“ஐயா, எனக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய...”

“பேசாம வாங்கிக்கய்யா.”

அவன் லைசென்சில் ஒரு துப்பாக்கிக்குத்தான் இடம். சூப்பிரண்டே ஆள் வைத்துக் காகிதத்தை மாற்றிக் கொடுத்தார். அப்பாவின் துப்பாக்கி போலீஸ் ஸ்டேஷன் ஆயுத அறைக்குப் போனது. ஏட்டு பெரியண்ணன் அதன் குழலில் ஒரு அட்டையைக் கட்டி மூலையில் சாத்தினார். ஆத்மநாதன் வெளியே வந்து சைக்கிளை எடுத்தபோது தோள் காலியாக இருந்தது. அன்றைக்கே அவனுக்கு அழுகை வந்தது. யாரிடம் சொல்லி அழ? அதிகாரி வெகுமதி கொடுத்ததற்கு அழுதவன் என்று ஊர் சிரிக்கும்.

அந்த வாரம் தோல்பெட்டியோடு ஊருக்குப் போகலாம் என்று பார்த்தான். அதற்குள் சூப்பிரண்டு முந்திக்கொண்டார். “இதக் கொண்டுபோய்ப் பன்னி கின்னி சுட்டுறாத. துரை கை பட்டது.” சனிக்கிழமைதோறும் குழலைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒரு கீறல் இருந்தால்கூடத் தெரிந்துவிடும். ஊரில் சோலையப்பன் தகர டின்னைத் தட்டிப் பார்த்தான். பன்றிகள் இரண்டு நாள் யோசித்துவிட்டு மூன்றாம் நாள் வந்து காட்டை உழுதுவிட்டுப் போயின.

“அண்ணே, ஒங்க சீமைத் துப்பாக்கிக்குப் பன்னி ஆகாதா?” என்று கேட்டான் தம்பி.

கிளப்பிலோ அதைவிடக் கொடுமை. துரை துப்பாக்கியை எடுத்தால் அவனுக்குப் பத்துக்கு இரண்டு விழுந்தது. சில வாரம் ஒன்று. ஆச்சரியம் என்னவென்றால், இப்போதுதான் எல்லோரும் அவனிடம் பிரியமாக இருந்தார்கள். மேல்படி நாற்காலி. பீங்கான் கோப்பையில் காப்பி. “இப்பத்தான்ய்யா ஒனக்கு ஸ்டைல் வந்துருக்கு” என்று வக்கீல் முதுகில் தட்டினார். நன்றாகச் சுட்டபோது கேவலமாகத் தெரிந்தவன், சுடத் தெரியாமல் போனதும் கனவான் ஆகிவிட்டான். அவனுக்கோ வெட்கத்தில் காப்பி இறங்கவில்லை.

ஒருநாள் குழியிலிருந்து ஏறி வந்த சூசைராஜ் மெல்லச் சொன்னான்: “சர்வேயரய்யா, கீழ இருந்து பாக்குறேன். ரவையெல்லாம் தட்டுக்கு இடப்பக்கமாவே போவுதுங்க.”

ஆத்மநாதன் வீட்டுக்கு வந்து துரை துப்பாக்கியை மேசைமேல் கிடத்தினான். குழலின் முனையிலிருந்து கட்டையின் கடைசிவரை ஒரு நூலை இழுத்துக் கட்டினான். எத்தனை வயலுக்குக் கட்டிய நூல்! கட்டை அரை விரல்கடை இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது. கோணலில்லை. வேண்டுமென்றே, அழகாக, வளைத்துச் செய்திருக்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை ஸ்டாண்டில் இருந்த மற்றத் துப்பாக்கிகளைக் கண்ணால் அளந்தான். சிலது நேர். சிலது வலப்பக்கம் சாய்வு. இடப்பக்கம் சாய்ந்தது துரை துப்பாக்கி ஒன்றுதான்.

“சூசை, அந்தத் துரை எந்தத் தோள்ல வெச்சுச் சுடுவாரு?”

“அவரு பீச்சாங்கைக்காரருங்க. எழுதுறதே அந்தக் கையாலதான்.”

“அடப்பாவி, இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“எங்கிட்ட யாருங்க கேட்டா?”

ஆத்மநாதனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இடதுகைக்காரனுக்கு அளவெடுத்துச் செய்ததை ஆறு வருஷமாக வலது தோளில் வைத்துச் சுட்டிருக்கிறார் சூப்பிரண்டு. கிளப்பே அதைக் கும்பிட்டிருக்கிறது. இதைச் சொன்னால் அவர் முகத்தில் அவனே கரி பூசின மாதிரி. சொல்லாவிட்டால் சாகும்வரை தட்டுக்கு இடப்பக்கம் சுட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒருதரம் துணிந்து, “ஐயா, எனக்கு இது சேரலைங்க. பழசே போதும்” என்றான்.

“எனக்கே ஆறு வருஷம் ஆச்சு பழக. ஒனக்கு ஆறு மாசத்துல சேருமா?” என்றார் சூப்பிரண்டு. பிறகு குரலைத் தாழ்த்தி, “வர்ற தை மாசம் கப்பு இருக்கு. அது நம்ம இலாகாவுக்கு வரணும். வாங்கிக் குடு. நீ என்ன கேட்டாலும் செய்யுறேன், எல்லார் முன்னாடியும்” என்றார்.

என்ன கேட்பது என்று ஆத்மநாதன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

ஏழு மாதம் இருந்தது. காலையில் ஆபீசுக்குப் போவதற்கு முன்னால், புழக்கடையில் தோட்டா போடாத துப்பாக்கியை இடது தோளில் ஏந்திப் பழகினான். வலது கண்ணை மூடப் பழகினான். முதலில் கை கூசியது. நொண்டிக் கால் நடப்பதுபோல் இருந்தது. பிறகு வாளியையும் குடையையும் இடது கையிலேயே தூக்கினான். கிளப்பில் மட்டும் யாருக்கும் காட்டாமல் வலது தோளிலேயே சுட்டுவந்தான்.

“ஏங்க, அந்தக் கைக்கு என்ன வந்துச்சு?” என்றாள் மனைவி சொர்ணவல்லி.

“ஒண்ணுமில்ல. அப்பா துப்பாக்கியத் திருப்பப்போறேன்.”

அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து காப்பி டம்ளரை அவன் இடப்பக்கத்தில் வைத்தாள்.

தை மாதம் கப்பு நாள் வந்தது. ஷாமியானா, பேண்டு எல்லாம் உண்டு. ஆத்மநாதன் சுடும் கோட்டில் நின்று துரை துப்பாக்கியை இடது தோளுக்கு ஏற்றினான். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. அவன் “புல்” என்றான். தட்டு பொடிப்பொடியாயிற்று. இருபத்தைந்தில் இருபத்து நாலு.

இந்தத் தடவை கைதட்டினார்கள். பொட்டலே அதிர்ந்தது. உண்மை இப்போதாவது எல்லோருக்கும் விளங்கிவிடும் என்று அவன் பயந்தான். கொஞ்சம் ஆசையும் பட்டான். வக்கீல் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: “இடத் தோள்! லண்டன்ல இப்ப இதுதான் பேஷனாம். நான் அப்பவே படிச்சேன்.”

அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற என்ஜினியர் தன் துப்பாக்கியை இடது தோளில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். அடுத்த வாரத்துக்குள் கிளப்பில் பாதிப்பேர் இடது தோளில் சுட்டு, ஒரு தட்டும் விழாமல், பெருமையாகத் திரிந்தார்கள்.

சூப்பிரண்டு கப்பை அவன் கையில் கொடுத்துத் தோளை அணைத்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. “என்ன கேட்டாலும் தாரேன்னு சொல்லியிருக்கேன். கேளுய்யா. எல்லாரும் கேக்கட்டும்.”

ஆத்மநாதன் கப்பைக் கீழே வைத்தான். “ஐயா, ஸ்டேஷன்ல இருக்குற எங்கப்பா துப்பாக்கியத் திருப்பிக் குடுத்தாப் போதுங்க.”

முதலில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். சூப்பிரண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அந்த வேட்டுக்குழாயா! பாத்தீங்களா, நம்ம ஆளுக்கு நையாண்டிகூட வருது!” அவன் அதே கோரிக்கையை இன்னொரு தரம் சொல்ல வாயெடுத்தான். அத்தனை முகமும் சந்தோஷமாக அவனையே பார்த்தன. அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகத் தன்னை அவன் மன்னிக்கவே இல்லை.

அவன் கேட்காமலே சூப்பிரண்டு வேறொன்று செய்தார். துப்பாக்கியும் கையுமாக அவனைப் போட்டோ எடுத்து கிளப்பில் ஒன்றும் அவன் வீட்டில் ஒன்றும் மாட்டச் சொன்னார். சோலையப்பன் வந்து பார்த்துவிட்டு, “போட்டோக்காரன் நெகட்டிவ் கண்ணாடியத் திருப்பிப் போட்டுட்டான் போலருக்கே. அண்ணனுக்கு வலதுகைப் பழக்கந்தானே?” என்றான்.

“ஆமா, தப்பு நடந்துபோச்சு” என்றான் ஆத்மநாதன். அந்த வருஷத்தோடு தம்பி கடலை போடுவதை நிறுத்திவிட்டான்.

அதற்குப்பிறகும் ஏழு வருஷம் சனிக்கிழமைகள் வந்தன. யுத்தத்தில் தோட்டா வருவது நின்று, கிளப்பில் சுடுவது குறைந்து, பேச்சு மட்டும் மிஞ்சியது. அப்போதும் ஸ்டாண்டு இருந்தது, படிகள் இருந்தன. சூப்பிரண்டு ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்துக்குக் குடிபோனது 1945-இல். ரயிலில் ஏறியபிறகும் ஜன்னல் வழியாக, “துப்பாக்கிக்கு எண்ணெய் போட மறந்துறாதய்யா” என்றார்.

மறுநாளே ஆத்மநாதன் மனு எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனான். தலை நரைத்துப்போன ஏட்டு பெரியண்ணன் ஆயுத அறையைத் திறந்தார்.

“பத்திரமாத்தான் இருக்குங்க. மாசம் ஒருக்கா நானே தொடச்சு வெக்கிறேன். கையில எடுத்துப் பாருங்க.”

செப்புக்கம்பி பச்சை பூத்திருந்தது. ஆத்மநாதன் அதை விரலால் தேய்த்துப் பார்த்தான். வாசலுக்கு வந்து, எதிர் ஓட்டில் உட்கார்ந்திருந்த காக்கையைப் பார்த்துத் துப்பாக்கியை ஏற்றினான்.

அது இடது தோளில் போய் உட்கார்ந்தது.

சட்டென்று இறக்கி வலது தோளில் வைத்தான். கட்டை கன்னத்தில் இடித்தது. வலது கண்ணுக்குக் குழல்முனை ஒரு இடத்திலும் காக்கை ஒரு இடத்திலும் தெரிந்தது. இன்னொரு தரம். மறுபடியும் இன்னொரு தரம். இருபது வருஷம் தெரிந்திருந்த ஒன்று எங்கோ தொலைந்துபோயிருந்தது. அப்பாவின் கன்னம் தேய்த்த வழவழப்பு வலது கன்னத்துக்கானது. இடது தோளில் வைத்தால் அது வெளியே பார்த்தது. காக்கை அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பயமில்லாமல் சிறகைக் கோதியது.

“மனுவக் குடுங்க, சீல் போட்டுடுறேன்” என்றார் பெரியண்ணன்.

ஆத்மநாதன் துப்பாக்கியை அவரிடமே நீட்டினான். மனுவை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

“இங்கிட்டே இருக்கட்டுங்க. நீங்க நல்லாத் தொடச்சு வெக்கிறீங்க” என்றான்.

சைக்கிளை இடது கையால் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். துரை துப்பாக்கிக்கு அன்று எண்ணெய் போடவேண்டிய நாள்.