கார் டிக்கியில் புத்தகம் கொடுத்த வசந்தா ரீச்சர்

வசந்தா ரீச்சர் போய்விட்டார். நேற்று, கிரான்பர்னில் உள்ள வீட்டில், தூக்கத்திலேயே...

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் நிர்வாகக் குழு உடனே போஸ்டர் வெளியிட்டிருக்கிறது. 'எம் பிள்ளைகளுக்கு வாசிப்பை ஊட்டிய ஆசான்.' பின்னணியில் அழகான புத்தக அலுமாரி.

பள்ளியில் அலுமாரி கிடையாது. ரீச்சர் தானே வாங்கி வகுப்பில் வைத்த ஒரு பிளாஸ்டிக் புத்தகப் பெட்டி இருந்தது. அதை வெளியேற்றியதும் இதே குழுதான்.

குற்றவாளி ஒரு படக்கதை. அதில் ஒரு சிறுமிக்கு இரண்டு வீடுகள். அம்மா வீட்டில் ஒரு பல் தீட்டும் பிரஷ், அப்பா வீட்டில் ஒன்று. வேறு விபரீதம் எதுவும் நடக்காது. கடைசிப் பக்கத்தில் பல் தீட்டிவிட்டுத் தூங்கிவிடுவாள்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பன் எழும்பினார்.

"எங்கட சனத்துக்குள்ள இப்பிடி ஒண்டும் இல்லை. ஏன் ரீச்சர் பிள்ளையளுக்குப் பழக்கிறீங்கள்?"

நான் அவருக்கு இரண்டு கதிரை தள்ளி இருந்தேன். என் மகளின் அம்மா கடைசி வரிசையில். நாங்கள் பிரிந்தது அந்த மண்டபம் முழுவதற்கும் தெரியும். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை... உயர்ந்த பண்பாடு.

"புத்தகத்தை வாசிச்சனீங்களோ?" என்று ரீச்சர் கேட்டார்.

"வாசிக்கத் தேவையில்லை. படத்தைப் பார்த்தாலே விளங்குது."

நியாயம்தான். பிரஷ்களை மிகவும் வெளிப்படையாக வரைந்திருந்தார்கள்.

அந்த ஒன்றை நீக்கினால் மற்றப் புத்தகங்களையும் வாசித்துப் பார்க்கவேண்டும் என்றது குழு. வாசிக்க யாருக்கும் நேரமில்லை. ஆகவே முழுப் பெட்டியும் வெளியே.

ரீச்சர் "ஓம், சரி" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை, கார்ப்பார்க்கில் அவருடைய காரின் டிக்கி திறந்திருந்தது. உள்ளே அதே பெட்டி. முன்னால் பிள்ளைகளின் வரிசை.

குழுத் தலைவர் ஓடி வந்தார். "என்ன ரீச்சர் இது?"

"வகுப்புக்குள்ள வேண்டாமெண்டுதானே சொன்னனீங்கள், தம்பி. இது வெளியாலயெல்லோ."

அந்தக் கார்ப்பார்க்கில்தான், வகுப்பு முடிந்ததும், மகள் என் காரிலிருந்து தன் அம்மாவின் காருக்கு மாறுவாள். பையைத் தூக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், வேகமாக...

ரீச்சரின் டிக்கி திறந்த பிறகு, போகும் வழியில் அங்கே நின்றாள். அந்தப் படக்கதையை எடுத்தாள்.

பிறகொரு நாள் திருப்பிக் கொடுக்கப் போனேன். ரீச்சர் வாங்கவில்லை. "அது பள்ளிக்கூடத்துக்கு ஆகாத புத்தகம், நான் எப்பிடித் திருப்பி எடுக்கிறது? பிள்ளையோட இருக்கட்டும்."

இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் போய் வந்துகொண்டிருக்கிறது.

இறுதி நிகழ்வு சனிக்கிழமை. குழு மலர்வளையம் வைக்குமாம். மகள் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவரப் போகிறாள்.

"ஆர் வி அலவ்ட், அப்பா?" என்று, அனுமதி உண்டா என ஆங்கிலத்தில் கேட்டாள்.

மண்டபத்துக்குள் யாருக்காவது ஆட்சேபம் என்றால் நாங்கள் கார்ப்பார்க்கில் நிற்போம், ரீச்சர். நான், மகள், அவளுடைய அம்மா, மூன்று பேரும்.

போயிட்டு வாங்கோ.