தம்பியிடம் வாயைக் கொடுத்தால்

குறுவை நடவு நடக்கிற அன்றைக்குத்தான் அவன் கூப்பிடுவான். எனக்கு இரண்டு கையும் சேறு. இடுப்பில் செருகிய போன் விடாமல் அடிக்கிறது. நடவாள்கள் வேறு, "எடுங்கக்கா, தம்பியாத்தான் இருக்கும்" என்று சிரிக்கிறார்கள். எப்படியோ எடுத்துக் காதில் இடுக்கினால், சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு என் தம்பி சாவகாசமாகக் கேட்கிறான்: "ஏன்க்கா, நம்ம நிலத்தையெல்லாம் வித்துட்டா என்ன?"

வந்ததே கோபம் எனக்கு! வரப்பில் நின்றபடி பத்து நிமிஷம் வாங்கு வாங்கென்று வாங்கினேன். "நீ திங்கிற சோறு எங்கேர்ந்துடா வருது? துரைக்கு வயல் கசக்குதோ?" அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கொஞ்ச நாள் கழித்து டிவியில் புதுப் படத்துப் பாட்டு ஒன்று. கதாநாயகி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "துரைக்கு வயல் கசக்குதோ" என்று கதாநாயகனைத் துரத்துகிறாள். அந்த இழுப்புகூட என்னுடையதுதான். நிலத்தை விற்கிற எண்ணமே அவனுக்கு இல்லையாம். "சண்டை சிச்சுவேஷன்க்கா, டியூனே வரல. நீ திட்டினா வந்துடும்னு தெரியும்" என்கிறான். இப்படி ஒரு பிறவியை எங்கேயாவது கண்டதுண்டா?

இது சினிமாவுக்குப் போனபிறகு வந்த புத்தி இல்லை. தஞ்சாவூரில் இன்ஜினியரிங் படிக்கிறேன் என்ற பெயரில் லீவு நாளெல்லாம் பத்து மணிவரை தூங்குவான். நான் எழுப்புகிற எழுப்பலைப் போனில் பதிந்து, அடியில் ஒரு தாளத்தைப் போட்டு, இன்டர்நெட்டில் விட்டான். "எந்திரிடா, வெயில் முதுகுல ஏறுது" என்ற அந்தப் பாட்டுதான் அப்போது எந்தக் கல்யாண வேனிலும். பட்டுக்கோட்டையில் ஒரு வரவேற்பில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் என் வசவுக்கு என் கண்முன்னாலேயே குதித்துக் குதித்து ஆடினார்கள். அதைக் கேட்டுத்தான் ஒரு இயக்குநர் அவனைப் படத்துக்குக் கூப்பிட்டார். பாட்டு, இசை எல்லாம் அவன் பெயரில். போகட்டும், எனக்குப் பெயர் எதற்கு? என் ஆத்திரம் வேறு. கூடப்பிறந்தவனிடம் மனம்விட்டு ஒரு சொல் பேச முடியவில்லையே! வாயைத் திறக்குமுன் நாக்கு தயங்குகிறது. என் வீட்டுக்காரர், "உன் தம்பிகிட்ட அளந்து பேசு. அடுத்த படத்துல நானும் வந்துடப் போறேன்" என்பார்.

ஒரு பொங்கலுக்கு வந்தவனைப் பிடித்து என் தலையில் கைவைக்கச் சொன்னேன். இனிமேல் நான் பேசுகிற ஒரு வார்த்தையையும் எடுக்கக்கூடாது, சத்தியம் பண்ணு என்றேன். பண்ணினான். கரும்பு கடித்துக்கொண்டிருந்த அப்பா, "அப்ப இவன் பொழப்பு போச்சு" என்று சிரித்தார்.

அந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் வந்து மடை திறக்கப் போன அப்பா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. அங்கே வராந்தாவில் நின்று தம்பிக்குப் போன் போட்டேன். "சொல்லுக்கா" என்றான். ஊரையே கூட்டுகிற வாய் எனக்கு. அன்றைக்கு 'அப்பா' என்றுகூட வரவில்லை. "அக்கா? அக்கா?" என்றான். பிறகு அவனும் பேசவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ. "வந்துடறேன்க்கா" என்று வைத்தான். சாயங்காலத்துக்குள் வந்து கொள்ளிவைத்தான். காரியமெல்லாம் முடிந்து அவன் கிளம்பும்போது, இந்தப் பாழாய்ப்போன வாய் சும்மா இருந்ததா? "அன்னிக்கு அதையும் ரெக்கார்டு பண்ணினியாடா?" என்று கேட்டுவிட்டேன். அவன் முகம் செத்துப்போயிற்று. "இல்லக்கா" என்றான், போய்விட்டான். அடுத்த குறுவைக்கு அவனிடமிருந்து போன் வரவில்லை. நானாகப் போட்டாலும் இரண்டு வார்த்தையோடு சரி.

போன மாதம் அவன் இசையமைத்த படத்தைத் தஞ்சாவூரில் பார்த்தோம். நடுவில் கதாநாயகிக்குப் போன் வருகிறது, அவள் அப்பா இறந்துவிட்டார் என்று. நான் சீட்டின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். என் குரல் ஒரு துளி கேட்டாலும் இன்றோடு இவன் உறவு முடிந்தது என்றுதான் இருந்தேன். அதுவரை ஓடிக்கொண்டிருந்த வயலின் சட்டென்று நின்றது. அழுகை இல்லை, பாட்டு இல்லை. ஒரு ஃபேன் மட்டும் டக், டக் என்று சுற்றுகிற சத்தம். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தலைக்கு மேல் ஓடியது அது. எனக்கே மறந்துபோயிருந்தது.

படம் முடியும்வரைகூடப் பொறுக்காமல் வெளியே வந்து கூப்பிட்டேன். "பாவிப்பயலே, உண்மையைச் சொல்லு."

"ரெக்கார்டு பண்ணலக்கா. அன்னிலேர்ந்து அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவே மாட்டேங்குது. படத்துல வெச்சாவது போகுமான்னு பாத்தேன். போகல." பிறகு அவனே, "அக்கா, ஏதாவது திட்டேன்" என்றான்.

பிறந்ததிலிருந்து அவனைத் திட்டியே வளர்த்தவள் நான். அவனாகக் கெஞ்சிக் கேட்டும், அன்றைக்கு ஒரு வசவு எனக்கு வரவில்லை.