ரம்பம் தின்ற கணக்கு

தெருவில் அவருக்கு ‘அரை நூல்’ என்று பெயர். தச்சு வேலையில் ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு நூல். கதவு நிலையில் உட்கார மறுத்தாலும், மேசை இழுப்பறை பாதி வழியில் முரண்டு பிடித்தாலும், அவர் கைவசம் ஒரே பதில்தான் இருந்தது: “அரை நூல்தாங்க, சீவிட்டா சரியாயிடும்.” சொல்லிச் சொல்லி அதுவே பெயராகிவிட்டது. பெயர் வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது என்று அவரே ஒப்புக்கொள்வார். அவர் சீவிய சில கதவுகள் பிறகு சட்டத்துக்கு எட்டவே இல்லை.

படிப்பு விஷயத்தில் குறை அரை நூலோடு நிற்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்து, இரண்டு வருஷமும் கணக்கில் கோட்டை விட்டார். “பெஞ்சில உட்கார்ந்தது போதும், இனிமே பெஞ்சு செய்யக் கத்துக்கோ” என்று அவருடைய அப்பா பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பிறகு கல்யாணப் பேச்சு வந்தபோது, அவருடைய அக்கா வாய் கூசாமல் “தம்பி எட்டாவது பாஸ்” என்று அடித்துவிட்டாள். நான்கு வகுப்பை ஒரே மூச்சில் தாண்டியவர் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று அவருக்கு உள்ளூர வெட்கம். ஆனால் மறுக்கவும் இல்லை.

மகள் ஐந்தாம் வகுப்புக்கு வந்ததும் அந்தப் பொய்க்கு வேலை அதிகமாகிவிட்டது. பள்ளி விட்டு வந்து, கைகால் கழுவிக்கொண்டு, வீட்டு முன்னறையில் இருந்த பட்டறைக்கு நோட்டோடு வந்துவிடுவாள். இழைப்பு மேசையின் ஓரத்தில் மரச்சுருளைத் தள்ளிவிட்டு ஏறி உட்காருவாள். மூன்றாம் வகுப்பு வரை அவர் ராஜா. நான்காம் வகுப்பில் சமாளித்தார். ஐந்தாம் வகுப்பிலோ பின்னம், மீச்சிறு பொது மடங்கு என்று புத்தகம் வேறு பாஷை பேசியது. அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நெற்றியைச் சுருக்குவார். “நீ முதல்ல போட்டுக் காட்டு, எங்க தப்புன்னு நான் பாக்குறேன்” என்பார். அவள் போட்டுக் காட்டினால், “ம்ம், பரவாயில்ல” என்பார். மிஞ்சிப்போனால் குத்துமதிப்பாக ஒரு விடை சொல்லிவிட்டு, பசைச் சட்டி காய்கிறது என்று எழுந்துவிடுவார்.

இத்தனை கரடி விட்டதற்குக் காரணம் பெருமை மட்டுமில்லை. பகலெல்லாம் அவரிடம் வருகிறவர்கள் குறை சொல்லத்தான் வருவார்கள். அந்த ஒரு மணி நேரம்தான், தெரிந்த மனுஷன் என்று நினைத்து ஒருத்தி அவரிடம் கேட்பாள். ஆறாம் வகுப்பு போய்விட்டால் கேட்கமாட்டாள். அதுவரைக்குமாவது அவள் கேட்பது நின்றுவிடக் கூடாது என்று அவருக்கு அவ்வளவு ஆசை, அவ்வளவு பயம்.

அப்படியிருக்க, ஒரு நாள் அவருக்கென்றே எழுதியதுபோல ஒரு கணக்கு வந்தது. பன்னிரண்டு அடி நீளப் பலகையை நான்கு சம துண்டுகளாக அறுத்தால், ஒரு துண்டின் நீளம் என்ன?

“பலகையா? குடு இங்க!” என்று நோட்டைப் பிடுங்கினார். “நாலு துண்டுன்னா எத்தனை அறுப்பு?”

“மூணு.”

“ஒவ்வொரு அறுப்புக்கும் ரம்பம் ஒரு நூல் தின்னும். தூளாக் கொட்டுதே, அது எங்கேருந்து வருது? அந்த மூணு நூலைக் கழிச்சுட்டு மிச்சத்தை நாலாப் பங்கு வை.”

மரத்துண்டு ஒன்றில் பென்சிலால் கிறுக்கி, அடித்து, மறுபடி கிறுக்கி, கடைசியில் விடையைக் கொண்டுவந்தார்: இரண்டு அடி, பதினோரு அங்குலம், ஏழேகால் நூல். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு கணக்கை முழுசாகப் போட்டிருக்கிறோம் என்று அன்று ஒரு தோசை கூடவே சாப்பிட்டார். மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் வேலை முடித்து வந்த மனைவி, “என்ன, முகத்துல டியூப்லைட் எரியுது?” என்று கேட்டாள்.

மறுநாள் நோட்டில் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. பக்கத்தில் ‘3 அடி’ என்று எழுதியிருந்தது. மகள் நோட்டைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்கடுத்த நாள் அவள் பட்டறைக்கு வரவில்லை. உள்ளறையிலேயே உட்கார்ந்து எழுதினாள். மூன்றாவது நாளும் அப்படித்தான். அவர் இல்லாத தூசியைத் தட்டினார், தேவையில்லாமல் இருமினார், “கணக்கு எதுவும் இல்லையா?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். அந்த வாரம் ஒரு அலமாரிக் கதவை இடம் வலம் மாற்றிப் பொருத்தினார். இந்த முறை அரை நூல் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

நான்காவது நாள் பொறுக்க முடியாமல், ஒரு பலகைத் துண்டையும் ரம்பத்தையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்கே போய்விட்டார். ரம்பத்தோடு வருகிற பெற்றோரைக் காவலாளி அதுவரை பார்த்ததில்லை. ரம்பம் வாசலில் தங்கியது, அவர் மட்டும் உள்ளே போனார்.

வகுப்பு டீச்சர் பொறுமையாகக் கேட்டாள். மரத்தூள் விவகாரம் முழுவதையும் கேட்டாள்.

“நீங்க சொல்றது நெசம்தாங்க. ஆனா பேப்பர் திருத்துறவங்க கையில ரம்பம் இருக்காதே. பொண்ணுக்குப் புத்தகத்துல இருக்கிற மாதிரியே சொல்லிக் குடுங்க. அட்மிஷன் ஃபாரத்துல போட்டிருக்கிற மாதிரி நீங்க எட்டாவது படிச்சவருதானே?”

அவர் தலை ‘ஆமாம்’ என்று தானாக ஆடியது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்ல நினைத்தார். ஆனால் தன் ஏட்டில் சுரைக்காய்கூடக் கிடையாது என்பது நினைவுக்கு வந்து, கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே உள்ளறைக்குப் போய் மகளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

“பாப்பா, ஒண்ணு சொல்லணும். அப்பா எட்டாவது இல்ல. அஞ்சாவதே தாண்டல. ரெண்டு தடவை பெயில். கணக்குலதான்.”

அவள் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. “தெரியும்ப்பா. போன வருஷமே அத்தை சொல்லிட்டாங்க.”

அக்கா! பொய்யைக் கட்டியவளும் அவளே, அவிழ்த்தவளும் அவளே.

“தெரிஞ்சுமா தினமும் வந்து கேட்டே?”

“நான் கேட்டா உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்ல. நீங்க சொல்றதை எழுதிக்குவேன். காலையில ஸ்கூலுக்குப் போய், பெல் அடிக்கிறதுக்குள்ள எல்லாத்தையும் அழிச்சுட்டுச் சரியாப் போட்டுடுவேன்.”

ஒரு வருஷமாக அவர் நடத்திய வகுப்பு முழுவதும் ரப்பரில் தேய்ந்து போயிருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் தாடையைச் சொறிந்தார்.

“அப்போ அந்தப் பலகைக் கணக்கு? அதை ஏன் அழிக்கல?”

அவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

“அது மரம்ப்பா. மரத்துல நீங்க தப்பாச் சொல்ல மாட்டீங்கன்னு நினைச்சேன்.”