கஜாவின் ஆட்டத்தை சேகருக்கு எழுதியவன்

உயிரோடு இருந்த ஒருவனின் வெற்றியைப் பிடுங்கி, செத்துப்போனவனுக்குக் கொடுத்தவன் நான். நாலே வரியில் கொடுத்தேன். அந்த நாலு வரியும் நல்ல வரிகள். அதை இப்போதும் சொல்வேன்!

முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள். ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சுளியுங்கள்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அம்பத்தூரில் ஒரு சின்ன அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி... இவைதான் எனக்குப் பள்ளிக்கூடம். ஆவடியிலோ பட்டாபிராமிலோ இளவயதில் யாராவது போய்விட்டால், கூட்டாளிகள் புகைப்படத்தோடு ஓடி வருவார்கள். "கவிஞரே, நாலு வரி போட்டுக் குடு. படிக்கிறவன் அழுவணும்!" போட்டுக் கொடுப்பேன். அழுவார்கள்.

சேகருக்கும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் சேகர் எனக்கு வெறும் புகைப்படம் அல்ல. எங்கள் கபடிக் குழுவின் உயிர் அவன். படைத்தளவாடத் தொழிற்சாலைக் குடியிருப்புப் பையன்; திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். இருபத்திரண்டு வயது. அவன் பாடிக்கொண்டு எதிர்க்களத்தில் காலை வைத்தால், மதில்மேல் உட்கார்ந்திருக்கும் கூட்டம் தானாக எழுந்து நிற்கும்.

ஆனால் அந்தக் கடைசி ஆட்டத்தில்...

பூந்தமல்லியில் இறுதிப்போட்டி. சேகர் அன்று சேகராகவே இல்லை. மூச்சு வாங்கியது. முதல் பாதியிலேயே பிடிபட்டு வெளியே போனான். கோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாயில் ஊறிய நீரைத் துப்பிக்கொண்டே இருந்தான். கண் மஞ்சளாக இருந்தது என்பதைப் பிறகுதான் யோசித்தோம். எங்கள் பக்கம் ஒவ்வொருவராக விழுந்து, களத்தில் மிஞ்சியவன் கஜா ஒருவன்தான்.

கஜேந்திரனை உங்களுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அதற்குக் காரணமே நான்தான்!

நெமிலிச்சேரிக்காரன். கறுப்பாக, கட்டையாக, பார்க்க ஆட்டக்காரன் மாதிரியே இருக்கமாட்டான். தனி ஆளாக உள்ளே போனான். மூன்று பேர் பாய்ந்து, இடுப்பிலும் காலிலும் தொங்கினார்கள். பாட்டு நிற்கவில்லை. அந்த மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு மண்ணில் ஊர்ந்து வந்து, விரல்நுனியால் நடுக்கோட்டைத் தொட்டான். கோப்பை எங்களுக்கு. நான் பார்த்தேன். இந்தக் கண்ணால் பார்த்தேன்!

கபடியில் ஒரு சட்டம் உண்டு. நம் ஆள் ஒருவன் எதிராளியைத் தொட்டு மீண்டுவிட்டால், வெளியே உட்கார்ந்திருப்பவன் எழுந்து உள்ளே வரலாம். கஜா தொட்டதும் சேகரும் எழுந்து வந்தான். தள்ளாடிக்கொண்டு வந்தான். கஜாவைக் கட்டிக்கொண்டான்.

இரண்டு வாரத்தில் மஞ்சள் காமாலை சேகரைக் கொண்டுபோய்விட்டது.

அன்று அச்சகத்தில் எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்றேன். 'முதல் பாதியிலேயே வெளியேறினாய்' என்று எந்த மடையன் எழுதுவான்? கை தானாகக் கோத்தது:

ஒற்றை ஆளாய் உட்புகுந்தாய்,
மூவரோடு கோடு தொட்டாய்;
கைதட்டல் ஓயுமுன்னே
கண்மூடிக் கொண்டாய், சேகரா!

அவன் தாய்க்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் எழுதினேன் என்று பல வருடம் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். பொய்! தாய் நினைவுக்கே வரவில்லை. வரி வந்தது, வரி அழகாக இருந்தது, விட மனமில்லை. அவ்வளவுதான். இளமையில் போனவன் தோற்காமல் போக வேண்டும் என்று கவிதை கேட்டது. கொடுத்தேன்.

அந்த அம்மா பிறகுதான் வந்தார். சுவரொட்டியைத் தடவிக்கொண்டே கேட்டார்: "ஏ தம்பி, எம்மவன் நெசமாவே மூணு பேரையும் இழுத்துக்கிட்டா வந்தான்?"

"ஆமாம்மா," என்றேன்.

இனி அந்த வரியை எவனால் அழிக்க முடியும்? நீங்கள் அழிப்பீர்களா?

மறுநாள் கஜா வந்தான். அச்சக வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றான்.

"இன்னா கவிஞரே, நான் உயிரோட கீறது உன் பாட்டுக்கு இடிக்குதா?"

"அப்டியில்ல மச்சான்..."

"மூணு தடியனுங்க என் கால புடிச்சுகினு தொங்கனானுங்க. முட்டித் தோலு இன்னும் ஆறல, பாரு! நான் இஸ்துகினு வந்தேன், நீ அவன் பேர்ல போட்டுட்டே?"

"டேய், அவன் போய்ட்டான்டா. உனக்கு இன்னும் எவ்ளோ ஆட்டம் கீது! அவனுக்கு இதான் கடைசி."

கஜா சுவரொட்டியில் இருந்த சேகரின் முகத்தையே பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான்.

"சரி, உடு. செத்தவன்கிட்ட இன்னா சண்ட? அடுத்த கப்ப அடிச்சிட்டு வரேன். எனக்கு எட்டு வரி எழுதணும். ஆமா, சொல்ட்டேன்!"

அடுத்த கோப்பை வரவில்லை. பொங்கல் ஆட்டத்தில் கஜாவின் முழங்கால் விலகியது. வைத்தியர் கட்டினார், ஆஸ்பத்திரியில் கட்டினார்கள், கால் சேரவில்லை. குமணன்சாவடி முனையில் பெட்டிக்கடை வைத்து உட்கார்ந்துவிட்டான். கைதட்டல் ஓய்ந்த பிறகு ஒருவன் எப்படி இருப்பான் என்று தினமும் எனக்கு வாழ்ந்து காட்டினான்!

சேகர் பெயரிலோ வருடாவருடம் நினைவுப் போட்டி. அறிவிப்பின் தலைப்பில் என் நாலு வரி. செத்த எருமை குடம் பால் கறக்கும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். சேகர் வருடத்துக்கு வருடம் கூடுதலாகக் கறந்தான். மூன்று பேர் நாலாகி, ஐந்தானார்கள். ஒருநாள் கஜா கடையிலேயே நின்று சோடா குடித்துக்கொண்டே ஒருவன் சொன்னான்: "நான் கோட்டாண்டயே நின்னுகினு இருந்தேன் நைனா. சேகரு புலி மாதிரி வந்தான்!" அந்த ஆள் உண்மையாகவே அன்று அங்கே இருந்தவன். பார்த்ததை மறந்து, என் வரியை நினைவில் வைத்திருக்கிறான்.

கஜா பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டே, "புலியேதான், அண்ணாத்தே," என்றான்.

அதுவரை கூட எனக்கு உறைக்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பாதீர்கள். உறைத்தது. பெருமையாகவும் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நினைவுப் போட்டி. மேடையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் ஏறி, என் கவிதையை ஏற்ற இறக்கத்தோடு சொன்னாள். கூட்டம் ஆர்ப்பரித்தது. கஜாவின் மகள் வசந்தி! கஜாதான் முதலில் கை தட்டினான். முன்வரிசையில் சேகரின் தாய், படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இறங்கி வந்த வசந்தி கேட்டாள்: "அப்பா, நீயும் அந்த டீம்ல இருந்தியாமே? அன்னிக்கு நீ இன்னா பண்ணே?"

கஜா என்னைப் பார்க்கவில்லை. அந்தத் தாயைப் பார்த்தான்.

"நானா? சீக்கிரமே அவுட்டாயி உக்காந்துகினு இருந்தேம்மா."

"போப்பா! ஒரு ஆளக் கூடவா தொடல?" சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். "நீங்க பாத்தீங்களா மாமா? நெசமாவா?"

ஒரே ஒரு சொல். மெதுவாக, அவள் காதோடு சொல்லியிருக்கலாம். 'இல்லை கண்ணு, உங்கப்பன்தான்' என்று...

"ஆமா கண்ணு," என்றேன். "சீக்கிரமே அவுட்டு."

பேருந்து நிறுத்தம் வரை கஜா என் தோளைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்தான். வசந்தி முன்னால் துள்ளிக்கொண்டு போனாள். அவன் கோபப்படுவான், ஒரு அறை விடுவான் என்று காத்திருந்தேன். அவன் கேட்டது வேறு.

"ஏன் கவிஞரே, நான் செத்தா போஸ்டர்ல இன்னா போடுவே?"

கிண்டலாகத்தான் கேட்டான். யோசித்துப் பார்த்தேன், இன்றுவரை யோசிக்கிறேன். அவன் பெயருக்கு எந்த வரியை எடுத்தாலும், அது ஏற்கெனவே இன்னொருவன் படத்துக்குக் கீழே அச்சாகிக் கிடக்கிறது.

இப்போது நீங்கள் கேட்பீர்கள்: அவனிடம் மன்னிப்புக் கேட்டாயா?

கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்! எழுதிய வரிக்காகக் கேட்க மாட்டேன். ஒரு தாய் அதைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருக்கிறாள். 'ஆமா கண்ணு' என்று சொன்னேனே, அதற்காகவும் கேட்க மாட்டேன்.

கேட்டால் கஜா அதையும் கொடுத்துவிடுவான்.